ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை

என் அக்கா வீட்டுக்காரரைச் சரக்கு யார்டில் எல்லோரும் 'மேலிடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அரசியலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் கிரேனில், ஏழு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி கேபின் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் மாமா உட்கார்ந்திருந்தது அதற்குள்தான். கீழே யாராவது ஒரு பெட்டியைக் காட்டி, "இதை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டால், "மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்று இன்னொருவர் வாக்கி-டாக்கியை எடுப்பாராம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மேலிடம் என்றால் மிடுக்காக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தால் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். நான் அதற்கு நேர் எதிர். கல்யாணமான புதிதிலேயே என்னை 'வாயாடி' என்று கூப்பிட ஆரம்பித்தவர், எனக்குக் காதோரம் நரைத்த பிறகும் அதை மாற்றவில்லை. நான் ஒரு நகல் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், அவர்கள் நீட்டிய தாளை நான் படித்து முடித்திருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

மாமாவோ எழுத்தெண்ணிப் படிக்கிறவர். காலையில் பேப்பரை விரித்தால் சாயங்காலம் மூன்றாம் பக்கத்தில் இருப்பார். மிச்சத்தை மறுநாள் படிப்பார். அதனால் அவருக்கு மட்டும் உலகத்தில் எல்லாமே ஒரு நாள் தாமதமாக நடக்கும். தேர்தல் முடிவு வந்து ஊரே அடங்கிப்போன பிறகு, "அட, இவர் ஜெயிச்சிட்டாரா!" என்று தலையை ஆட்டுவார். நானும் அக்காவும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோன விஷயம் இது. இதனால் ஒருநாள் சோற்றுக்கே ஆபத்து வரும் என்று யார் கண்டது?

அவருடைய மூட்டு தேய்ந்துவிட்டது. அந்த யார்டில் இருப்பது பழைய கிரேன், அதில் லிஃப்ட் கிடையாது. தினமும் ஏணியில் ஏறி ஏணியில் இறங்க வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தரையில எவ்வளவு வேணா நடங்க. ஏணி மட்டும் இனிமே கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டார். ஏணி இல்லையென்றால் கேபின் இல்லை, கேபின் இல்லையென்றால் வேலை இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, மேலே ஏற முடியாத கிரேன் ஆபரேட்டரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அக்கா என் கடைக்கு வந்து, பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோதான்.

கம்பெனி ஒரு வழி சொன்னது. தரையிலேயே இருக்கும் கன்ட்ரோல் ரூமில் ஓர் ஆள் தேவை. எந்தப் பெட்டி எந்த வரிசைக்குப் போக வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது, பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்றெல்லாம் திரையில் செய்தி வந்துகொண்டே இருக்கும். அதைப் படித்து மேலே இருக்கும் ஆபரேட்டர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து அதைக் கீழே தள்ளிவிடுமாம். அதனால் அந்த வேலைக்கு முதலில் ஒரு வாசிப்புத் தேர்வு. திரையில் ஒரு பத்தி வரும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாகவே மறைந்துவிடும். பிறகு கேள்விகள். நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை படிக்க முடிந்தால்தான் பத்தி மறைவதற்குள் முடிக்கலாம். பத்துக் கேள்வியில் குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும். தேர்வு ஒரே தடவைதான். தோற்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"எட்டாவதோட படிப்பை நிறுத்தினவன் நான். என்னைப் போய் பரீட்சை எழுதச் சொல்றாங்களே" என்றார் மாமா.

"நான் இருக்கேன் மாமா, பாத்துக்கலாம்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குக் கைவந்த கலை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தேன். தீவில் தனியாக இருக்கும் ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றிய கதை ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வார்த்தைகளை எண்ணி வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் மாமா, எதிரே போனில் கடிகாரத்தோடு நான், பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு அக்கா. "ம், ஆரம்பிங்க" என்றதும் மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் போனார். முடித்ததும் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. தேவையானதில் பாதிதான் தேறியது.

"ரொம்பக் கம்மியா?" என்று கேட்டார்.

"ஆரம்பம்தானே" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டாணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேகமாகப் படிப்பது எப்படி என்று போனில் தேடினேன். நிமிடத்துக்கு ஆயிரம் வார்த்தை படிக்க வைக்கிறேன் என்று கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்தார். அவர் எந்த மொழியில் படிக்கிறாரோ! நம்மிடம் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதும் ஒரே வார்த்தைதான், 'வா' என்பதும் ஒரே வார்த்தைதான். அந்த மனிதரை ஓரம் கட்டிவிட்டு, உருப்படியாகத் தோன்றிய ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாசிக்கும்போது உதடு அசையக்கூடாதாம். மாமாவின் பற்களுக்கு நடுவே ஒரு பென்சிலைக் கொடுத்தேன். அவர் அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து அக்கா எழுந்து அடுப்படிக்கே போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வேகம் எழுபதைத் தொட்டது, தாளெல்லாம் எச்சில்.

அடுத்து, வார்த்தை வார்த்தையாகப் பார்க்காமல் வரியை மொத்தமாகப் பார்க்கச் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் ஓர் அதிசயம் நடந்தது. கதையின் அடுத்த பகுதியை மாமா படபடவென்று முடித்துவிட்டு நிமிர்ந்தார். நூற்று நாற்பது! நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். மாமாவுக்கே நம்ப முடியவில்லை, வெட்கத்தோடு சிரித்தார்.

"அந்தக் காவலர் எதுக்கு அழுதார்?" என்று அக்கா கேட்டாள்.

"அழுதாரா?" என்றார் மாமா.

நான் அளந்ததெல்லாம் வேகத்தை மட்டும்தான். மண்டைக்குள் ஏதாவது இறங்கியதா என்று கேட்கவே இல்லை. ஆடு நுனிப்புல் மேய்வதைப் பார்த்துவிட்டு அறுவடை ஆகிவிட்டது என்று கொண்டாடியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று தெரியாததால் பென்சிலை உடைத்தேன்.

மறுபடி பழைய மாதிரியே படிக்கச் சொன்னோம். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து கேள்வி. எல்லாவற்றுக்கும் சரியான பதில், வேகம் மட்டும் மறுபடி அறுபதுக்குப் பக்கத்தில். அப்போதுதான் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டாணியை மறந்துவிட்டு, வைத்த கண் வாங்காமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, நீங்க ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை படிக்கிறீங்க" என்றாள்.

"இல்லையே."

"கண்ணு கடைசி வரைக்கும் போகுது. திரும்ப அதே வரிக்கு முதல்லேருந்து வருது. அப்புறம்தான் கீழ இறங்குது. ஒரு வரி விடாம அப்படித்தான்."

நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். போவதும் வருவதுமாக ஒவ்வொரு வரியிலும் இரண்டு நடை. அறுபது வார்த்தைக்காரர் இல்லை இவர், நூற்றிருபது வார்த்தையைத்தான் படிக்கிறார், ஆனால் பாதி ஏற்கெனவே படித்தது. எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சந்தோஷமும் வந்தது. குறை கண்ணிலும் இல்லை, மூளையிலும் இல்லை, பழக்கத்தில்தான்.

மாமா தாளைக் கீழே வைத்தார். பிறகு அவர் பேசியது, எனக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் பேசியதிலேயே நீளமான பேச்சு.

"மேல இருக்கறப்ப கீழே நிக்கிற ஆள் எனக்குத் தெரியமாட்டான். சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில சொல்வார், 'இடது பக்கம் ரெண்டடி'ன்னு. உடனே கைப்பிடியைத் தொடக்கூடாது. 'இடது பக்கம் ரெண்டடி'ன்னு நான் திருப்பிச் சொல்லணும். அவர் 'சரி'ன்னு சொல்லணும். அப்புறம்தான் பெட்டி நகரும். திருப்பிச் சொல்லாம நகத்தினா ஆள் நசுங்கிடும். இத்தனை வருஷத்துல என் கொக்கிக்குக் கீழே ஒருத்தருக்குக் கீறல்கூடப் பட்டதில்ல."

அதாவது மனிதர் பேப்பரையும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். செய்தி வந்ததும் ஒரு தடவை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை திருப்பிச் சொல்லி. மழை நிலவரமாக இருந்தாலும், துணிக்கடை விளம்பரமாக இருந்தாலும் அதே மரியாதை.

இதற்கு மருந்து எனக்குத் தெரிந்திருந்தது. டீத்தூள் டப்பாவின் அட்டையை வெட்டி அவர் கையில் கொடுத்தேன். படித்த வரியை அட்டையால் மூடிக்கொண்டே கீழே வர வேண்டும், திரும்பிப் பார்க்க வழியே இருக்காது. சொல்வதற்கு எளிதாக இருந்தது. மாமா முதல் வரியை மூடினார். இரண்டாவதை மூடினார். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. அட்டையைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"மாமா, திருட்டுத்தனம் பண்றீங்க."

"பதறாத காரியம் சிதறாது வாயாடி."

"பதறலைன்னா வேலை சிதறிடும் மாமா!"

மறுநாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அட்டையைச் சுவரைப் பார்த்து வீசிவிட்டார். நான் பார்த்து அவர் ஒரு பொருளை வீசியது அதுதான் முதல் தடவை.

"என்னால முடியாது. இந்தப் பழக்கத்தை இங்க விட்டா, வேலையிலயும் விட்டுடுவேன். நாளைக்குக் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து தப்பா ஒண்ணைச் சொல்லி, கீழ ஒருத்தன் சாகணுமா? அதுக்கு வேலை இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

நான் பதிலுக்குக் கத்த வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு மெதுவாக எழுந்து போய் அட்டையை எடுத்து வந்து, அவருக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்க சொல்றது சரிதான். வேலையில விடாதீங்க. அங்க திருப்பிச் சொல்லுங்க, திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. ஆனா இந்தக் கதையில ஒரு வரியைத் தப்பாப் படிச்சா யாருக்கு அடிபடும்?"

அவர் அட்டையைப் பார்த்தார்.

"அந்த வரி தப்புன்னா அடுத்த வரி சொல்லிடும், 'என்னப்பா, நீ புரிஞ்சுக்கிட்டது ஒத்து வரலையே'ன்னு. மேல உக்காந்திருந்தப்ப உங்களுக்கு அடுத்த வரின்னு ஒண்ணு கிடையாது. இங்க இருக்கு. அதை நம்புங்க."

என் அக்கா பள்ளிக்கூடத்தில் என்னைவிட இரண்டு வகுப்புக் குறைவாகப் படித்தவள். அந்த நிமிடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாமா அட்டையை எடுத்தார். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. இந்தத் தடவை கை நிற்கவில்லை.

அதன்பிறகு வேகம் ஏறியது. ஒரேயடியாக இல்லை. எண்பது வந்தது, மறுநாள் மூட்டு வலியில் எழுபதானது. தொண்ணூறு வந்தது, கேள்விகளில் கோட்டை விட்டார். நூற்றைத் தாண்டிய அன்று ஐந்துக்கு நான்கு சரி. நான் கடையில் வந்து சேரும் தாள்களில் எழுத்து நன்றாக இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவேன். தண்ணீர் மோட்டார் விளக்கக் கையேடு, பள்ளிக்கூட ஆண்டு மலர், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன நாடகம், எதுவும் மிச்சம் இல்லை. "உன் கடைக்குப்பை எல்லாம் என் தலைக்குள்ளதான் இருக்கு" என்று மாமா முணுமுணுப்பார். ஆனால் ஆளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒருநாள் நான் போனபோது பேப்பர் மடித்து மேசைமேல் கிடந்தது.

"முடிச்சிட்டீங்களா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும்" என்றார். "இன்னிக்கு நடந்தது இன்னிக்கே தெரியுது வாயாடி. நல்லாத்தான் இருக்கு."

தேர்வுக்கு முந்தைய சாயங்காலம் நூற்று இருபத்தைந்து, பத்துக்கு எட்டு சரி. நூலிழைதான். ஆனாலும் தேறுகிற பக்கம்.

தேர்வு கம்பெனி அலுவலகத்தின் மாடியில். நல்லவேளை, ஏணி இல்லை, படிக்கட்டு. நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். மாமா வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் திரைமேல் வைத்தாராம். மேற்பார்வைக்கு இருந்த அம்மா ஓடிவந்து, "சார், திரையைத் தொடக்கூடாது, உள்ள எதையும் எடுத்துட்டு வரக்கூடாது" என்று அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். அந்தக் குழப்பத்திலேயே முதல் பத்தி வந்துவிட்டது. அட்டை இல்லாத கண், அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பழைய தடத்துக்கே போயிருக்கிறது. ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை. கடைசி நாலு வரி மிச்சமிருக்கும்போது பத்தி மறைந்துவிட்டது.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"எழுந்து வந்துடலாம்னு பாத்தேன். அப்பதான் ஒண்ணு தோணுச்சு. மேல இருந்தப்ப நான் ஒரு தடவைக்கு மேல திருப்பிச் சொன்னதே இல்லையே. ஏன்? கீழேருந்து 'சரி'ன்னு ஒரு குரல் வந்துடும். பேப்பர்ல அந்தக் குரல் இல்ல. அதனாலதான் மனசு விடமாட்டேங்குது. சரி, நானே சொல்லிக்குவோம்னு, ஒவ்வொரு வரி முடிஞ்சதும் மெதுவா 'சரி'ன்னு சொன்னேன். கண்ணு தானா கீழ இறங்கிடுச்சு."

"சத்தமாவா?"

"மெதுவாத்தான். பக்கத்துல இருந்த பொண்ணு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துச்சு."

மீதிப் பத்திகளையெல்லாம் முடித்துவிட்டாராம். ஆனால் முதல் பத்தியிலேயே இரண்டு கேள்வி கைநழுவியிருந்தது. இனி ஒன்றுகூடத் தப்பாக இருக்கக்கூடாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மூன்று பேரும் அதைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டோம். கணக்கு மாறவே இல்லை.

முடிவு வரும்வரை மாமா வீட்டில் கூண்டுப் புலிபோல நடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், அக்கா அவரை என் கடைக்கு அனுப்பி வைத்தாள். தாள் அடுக்கிக் கொடுப்பார், வந்தவர்கள் கண்ணாடி மறந்து வந்தால் படித்துச் சொல்வார். யார்டுப் பக்கம் போய் வருகிறவர்களிடம் கன்ட்ரோல் ரூமுக்கு யாரைச் சேர்த்திருக்கிறார்களாம் என்று விசாரிக்கவும் செய்வார், கேட்காத மாதிரி. ஒரு நாள் சாயங்காலம் அக்கா பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்த நேரம், என் போன் சத்தம் போட்டது. விண்ணப்பத்தை நிரப்பியது நான் என்பதால் எண்ணும் என்னுடையதுதான்.

கம்பெனியிலிருந்து வந்த செய்தி. ஒரு திரை நிறைய இருந்தது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். மாமா எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். இந்த மாதிரி நேரத்தில் சட்டென்று கடைசிக்குப் போகாமல் முறையாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தேன்.

"அன்புடையீர், எங்கள் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம் பணிக்காகத் தாங்கள் எழுதிய வாசிப்புத் தேர்வு தொடர்பாக..."

தோளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு காணாமல் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமா பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, என்ன மாமா இது? நான் இன்னும் படிக்கவே இல்லையே!"

அவர் கையை எடுத்தார். முகமெல்லாம் ஈரம், ஈரத்துக்கு நடுவே சிரிப்பு.

"வர்ற திங்கக்கிழமை காலையில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறாவது வரி, வாயாடி. சீக்கிரம் வா" என்றார்.

நான் இன்னும் 'தொடர்பாக'விலேயே நின்றுகொண்டிருந்தேன்.